பூஸ்ட் முள்ளை மட்டும் பார்த்தால் போதுமா? வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து, அதாவது பழைய வடஆற்காட்டிலிருந்து வந்தவை. எல்லாவற்றிலும் ஒரே விஷயம்தான்: கார் வாங்கிய பிறகு வெளியில் வாங்கிப் பொருத்திய சூப்பர்சார்ஜர், அது கொடுக்கிற தொல்லை. அதனால் டயர், மைலேஜ் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்தத் தடவை இதையே பேசிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு மட்டும் ஒரு வரி. கிராங்கிலிருந்து பெல்ட் மூலம் சுழன்று, இன்ஜின் தானாக இழுப்பதைவிட அதிகக் காற்றை உள்ளே திணிக்கும் பம்ப்தான் சூப்பர்சார்ஜர், அது கூட்டும் அழுத்தம்தான் பூஸ்ட், அதை பிஎஸ்ஐ அளவில் சொல்கிறோம். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும், காற்றை அழுத்தினால் சூடும் ஏறும். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் நிற்கின்றன.

அண்ணா, 1.6 லிட்டர் பெட்ரோல் செடானில் எட்டு மாதத்துக்கு முன்பு செகண்ட் ஹேண்ட் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் போட்டேன். முதலில் 6 பிஎஸ்ஐ சீராக நின்றது. இப்போது 4,000 ஆர்பிஎம் வரை 6 காட்டுகிறது, அதற்கு மேல் முள் மெல்ல இறங்கி 5,500-இல் 4 தான். மெக்கானிக் சூப்பர்சார்ஜரே போய்விட்டது, வேறு வாங்கு என்கிறார். வாங்கவா?
(வாசகர், காட்பாடி)

வாங்காதீர்கள் தம்பி, இன்னும் இல்லை. ரோட்டர், அதாவது உள்ளே சுழன்று காற்றைத் தள்ளும் மடல்கள், தேய்ந்து இடைவெளி கூடிவிட்ட சூப்பர்சார்ஜர் குறைந்த ஆர்பிஎம்மில்தான் முதலில் சோர்ந்து போகும், ஏனென்றால் மெதுவாகச் சுழலும்போது காற்று அந்த இடைவெளி வழியாகப் பின்னால் நழுவ நேரம் அதிகம். உங்கள் கார் கீழே நன்றாக இருந்து மேலேதான் இறங்குகிறது. இதைக் கேட்டதும் என் மனதில் முதலில் வருவது பெல்ட்தான்.

ஆர்பிஎம் ஏற ஏற சூப்பர்சார்ஜரைச் சுற்றத் தேவைப்படும் சக்தி வேகமாகக் கூடுகிறது, ஒரு கட்டத்தில் பெல்ட்டால் பிடிக்க முடியாமல் புல்லி மேல் வழுக்க ஆரம்பிக்கும். பானெட்டைத் திறந்து புல்லியைச் சுற்றி, கவர் உட்புறத்தில், கறுப்பாக மாவு மாதிரி தூள் படிந்திருக்கிறதா பாருங்கள். பெல்ட்டின் வரிப் பக்கம் கண்ணாடி போலப் பளபளக்கிறதா என்று விரலால் தடவுங்கள். புல்லியில் இன்ஜின் ஆயில் ஒரு துளி பட்டிருந்தாலும் போதும், பெல்ட் வழுக்கும், அந்த ஆயில் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் புது பெல்ட் போட்டால் அதுவும் ஒரு மாதத்தில் அப்படித்தான் ஆகும். அப்புறம் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர். வெயில் தாங்கித் தாங்கி ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், ஸ்பானரால் தள்ளினால் சுலபமாக நகர்ந்தால் அதை மாற்றுங்கள். நேரான இரும்பு ஸ்கேல் ஒன்றை கிராங்க் புல்லி முகத்தில் வைத்து சூப்பர்சார்ஜர் புல்லி அதே கோட்டில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். லேத்தில் செய்த பிராக்கெட் என்றால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகியிருப்பது சகஜம், அந்த விலகலே பெல்ட்டைத் தின்றுவிடும். பெல்ட் சூப்பர்சார்ஜர் புல்லியைப் பாதிச் சுற்றாவது தழுவியிருக்க வேண்டும், இல்லையென்றால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும், இறுக்கிய பாவத்துக்கு பேரிங்தான் போகும்.

ஏசியும் இதே பெல்ட்டில் ஓடுகிறதா? அப்படியானால் ஏசி போட்டு ஒரு தடவை, அணைத்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். அணைத்தால் முள் மேலே நிற்கிறது என்றால் பெல்ட்தான், சந்தேகமே வேண்டாம்.

பெல்ட் சுத்தமாக இருந்தால் அடுத்தது ஏர் ஃபில்டர். ஃபில்டர் அடைத்திருந்தாலும் இதே மாதிரி மேல் ஆர்பிஎம்மில்தான் இறங்கும். லாரிகளுக்குப் பின்னாலேயே பைபாஸில் ஓடும் கார் என்றால் கம்பெனி சொல்லும் கிலோமீட்டருக்குக் காத்திருக்க வேண்டாம். சோதிப்பதற்காக ஃபில்டரைக் கழற்றிவிட்டு மட்டும் ஓட்டாதீர்கள், அந்த மண் நேராக ரோட்டர்களுக்கு நடுவே போய் உரசும். புது ஃபில்டர் போட்டு ஓட்டிப் பாருங்கள்.

6 பிஎஸ்ஐ எல்லா ஆர்பிஎம்மிலும் 4 ஆகிவிட்டது என்று எழுதியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அது ஹோஸ் லீக்காகவோ, பூஸ்ட் தேவைப்படாதபோது காற்றைச் சுற்றிவிடும் பைபாஸ் வால்வ் முழுதாக மூடாததாகவோ இருக்கும். மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும் ஐடிலில் பைபாஸ் வால்வின் கை வேக்கத்தில், அதாவது இன்ஜினின் உறிஞ்சலில், இழுபட்டுத் திறந்திருக்க வேண்டும், இன்ஜினை அணைத்தால் ஸ்பிரிங்கில் திரும்பி மூட வேண்டும். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஹோஸ் லீக்குக்கு சோப்புத் தண்ணீரும் டயர் கடைக் காற்றும் போதும்: இன்ஜின் அணைந்திருக்க, குழாயின் ஒரு முனையை அடைத்து, பூஸ்ட் அளவுக்கு மேல் போகாமல் மெல்லக் காற்று கொடுத்து, இணைப்பு எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வருகிற இடம் தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பெல்ட், ஃபில்டர், கிளாம்ப் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு எது சரியாக்கியது என்று தெரியாமல் போனால் அடுத்த தடவையும் இதே கடிதம்தான் எழுத வேண்டியிருக்கும்.

ஐயா, மீட்டர்கள் எல்லாம் வாங்கக் கையில் பணம் இல்லை. ஒன்றே ஒன்று வாங்கலாம் என்றால் எதை வாங்குவது? பூஸ்ட் கேஜ்தானே?
(வாசகர், ஆம்பூர்)

இல்லை. வைட்பேண்ட் வாங்குங்கள், அதாவது புகைக்குழாயில் பொருத்தி காற்று, பெட்ரோல் கலவையைக் காட்டும் மீட்டர். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பூஸ்ட் கேஜ் காட்டுவது சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மானிஃபோல்டில் இருக்கும் அழுத்தம் மட்டும். சூப்பர்சார்ஜர் தள்ளும் காற்றை இன்ஜின் விழுங்க முடியாமல் திணறினாலும் அழுத்தம் ஏறும். சைலன்சரில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உடைந்து அடைத்துக்கொண்டால் பூஸ்ட் முள் வழக்கத்தைவிட மேலே போகும், கார் மட்டும் இழுக்காது. முள் ஏறியதைப் பார்த்து சந்தோஷப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், இரண்டு வாரம் கழித்து இன்ஜின் பிரித்துக் கிடந்தது. இன்ஜினைக் கொல்வது பெட்ரோல் குறைந்த கலவை. முழு பூஸ்ட்டில் மூன்று நான்கு விநாடி அந்தக் கலவையில் ஓடினால் போதும், பிஸ்டன் தாங்காது. அதைக் காட்டக்கூடியது வைட்பேண்ட் ஒன்றுதான். காரோடு வரும் ஆக்சிஜன் சென்சார் ஐடிலிலும் சாதாரண ஓட்டத்திலும் கலவை சரியான புள்ளிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும் சொல்லும், பூஸ்ட்டில் எவ்வளவு என்று சொல்லத் தெரியாது.

மீட்டரை லாம்டா அளவில் வைத்துப் படியுங்கள். பெட்ரோல் பங்கில் இப்போது வருவது இ-20. சுத்தப் பெட்ரோலுக்கு ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று என்று கணக்கு, எத்தனாலுக்கு 9 தான், அதனால் 20 சதவீதம் எத்தனால் கலந்ததற்கு ஏறக்குறைய 13.5. லாம்டாவில் பார்த்தால் எந்தப் பெட்ரோலாக இருந்தாலும் சரியான கலவை 1.00, அதற்குக் கீழே என்றால் பெட்ரோல் கூடுதல், மேலே என்றால் குறைவு, இந்தக் குழப்பமே இல்லை. 6 பிஎஸ்ஐ பூஸ்ட்டில் முழுசாக மிதிக்கும்போது 0.78 முதல் 0.82 வரை இருந்தால் நான் நிம்மதியாக இருப்பேன். 0.85-ஐத் தாண்டினால் காலை எடுங்கள், வீட்டுக்கு மெதுவாக வாருங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது உங்களுக்கு மட்டும் அல்ல. இ-10 இருந்த காலத்தில் டியூன் செய்துவிட்டு இன்னும் அதே மேப்பில், அதாவது காரின் கம்ப்யூட்டரான ஈசியுவில் பதிந்த பெட்ரோல், டைமிங் கணக்கில், ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். அதே அளவு பெட்ரோலை இன்ஜெக்டர் ஊற்றினால் இப்போது கலவை சுமார் 4 சதவீதம் மெலிந்துவிடும். அன்று 0.82 என்றால் இன்று 0.85. கலவை தானாக வெடிக்கும் நாக்கிங்கை எத்தனால் கொஞ்சம் தடுக்கும் என்பது உண்மை, ஆனால் அதை நம்பி இதை விட்டுவிடாதீர்கள், டியூனரிடம் போய்ப் பார்த்துவிடுங்கள். இன்ஜெக்டர் ஏற்கெனவே 85 சதவீத நேரம் திறந்தே இருக்கிற காராக இருந்தால் அதற்கு மேல் ஊற்ற இடமில்லை, பெரிய இன்ஜெக்டர் போட வேண்டியிருக்கும்.

சென்சாரை கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்பு, நான்கு குழாயும் சேரும் இடத்துக்குப் பிறகு போடச் சொல்லுங்கள், வாய் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் நீர் கோத்துப் பழுதாகிவிடும். அதற்கு முன்னால் குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று நுழைந்து, இல்லாத மெலிவைக் காட்டும். முதலில் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

கோடையில் கிரீன் சர்க்கிள் டிராஃபிக்கில் பத்து நிமிடம் நின்றுவிட்டு, சத்துவாச்சாரி பக்கம் வண்டியைத் திருப்பி மிதித்தால், இன்ஜினிலிருந்து சோழி குலுக்குவது போல சத்தம் வருகிறது. கொஞ்ச தூரம் ஓடினால் போய்விடுகிறது. என் கணவர் ஒன்றுமில்லை, வெயிலுக்கு அப்படித்தான் என்கிறார். ஒன்றுமில்லையா?
(வாசகி, வேலூர்)

வெயிலால்தான் என்பதில் உங்கள் கணவர் சரி. ஒன்றுமில்லை என்பது சரியில்லை அம்மா. நீங்கள் காது கொடுத்துக் கேட்டு எழுதியதற்கு நன்றி, அந்தச் சத்தம்தான் நாக்கிங். பிளக் பற்றவைத்த தீ பரவி முடிப்பதற்குள் மிச்சக் கலவை சூட்டில் தானாக வெடிக்கிற சத்தம் அது.

வேலூர் கத்திரி வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிழலிலேயே 42 டிகிரி என்று வையுங்கள். அந்தக் காற்றை 6 பிஎஸ்ஐ அழுத்தினால், எந்த நஷ்டமும் இல்லாத பம்ப்பாக இருந்தாலும் 74 டிகிரிக்கு ஏறும். ரூட்ஸ் வகையின் திறன் 60 சதவீதம் என்று கொண்டால் சூப்பர்சார்ஜரை விட்டு வெளியே வரும் காற்று 96 டிகிரி. தண்ணீர் கொதிக்க நான்கு டிகிரிதான் பாக்கி! அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் நன்றாக வேலை செய்து, காற்று வாங்கிக்கொண்டே ஓடினால் அது 65 பக்கம் இறங்கும். டிராஃபிக்கில் நிற்கும்போது இன்டர்கூலருக்குக் காற்றே இல்லை, முன்னால் ஏசி கண்டென்சர் வேறு சூட்டைத் தள்ளுகிறது, பானெட்டுக்குள் எல்லா இரும்பும் அலுமினியமும் அடுப்பு மாதிரி ஆகிவிடுகிறது. அந்த நேரம் பார்த்து மிதித்தால் சோழி குலுங்கத்தான் செய்யும்.

உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான், சத்தம் கேட்ட நொடியில் காலை எடுப்பது. டிராஃபிக் விட்டதும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, காற்று ஓட விட்டு, அப்புறம் மிதியுங்கள். நாக்கிங்கை அதிகம் தாங்கும் 95 ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கிற பங்கில் கோடைக்கு மட்டுமாவது அதையே போடுங்கள்.

பட்டறையில் செய்ய வேண்டியதும் இருக்கிறது. இன்டர்கூலர் தண்ணீரில் குளிரும் வகை என்றால் அதன் சின்ன மின்சாரப் பம்ப் ஓடுகிறதா என்று சாவியைப் போட்டுக் கையை வைத்துப் பாருங்கள். அது நின்றுபோனால் டாஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாது. பம்ப் ஓடியும் தண்ணீர் சுற்றவில்லை என்றால் குழாயில் காற்று அடைத்திருக்கும், அதை வெளியேற்ற வேண்டும். காற்றில் குளிரும் வகை என்றால் பிளேடுகளுக்கு நடுவே பூச்சியும் மண்ணும். எல்லாவற்றுக்கும் மேல், டியூனரிடம் ஒன்று கேளுங்கள்: உள்ளே போகும் காற்று எத்தனை டிகிரிக்கு மேல் போனால் இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் பற்றவைக்கும் நேரத்தை, தானாகப் பின்வாங்கும்படி மேப்பில் வைத்திருக்கிறீர்கள்? பதில் வரவில்லை என்றால் அவர் ஜனவரி மாதக் குளிரில் டியூன் செய்துவிட்டுப் போய்விட்டார் என்று அர்த்தம். டைமிங் பின்வாங்கினால் கார் கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்றால் என் காரிலேயே பார்த்துவிட்டேன். பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டருக்குப் போகும் சின்ன ரப்பர் ஹோஸ் ஒன்றுக்கு, வேலை செய்த பட்டறையில் கிளாம்ப் போடாமல் விட்டிருந்தார்கள். பூஸ்ட் ஏறும்போது அதே அளவு பெட்ரோல் பிரஷரும் ஏற வேண்டும், அடிப்படை 3 பார் என்றால் 6 பிஎஸ்ஐயில் 3.4 பார் காட்ட வேண்டும். ஹோஸ் கழன்றதால் 3-லேயே நின்றுவிட்டது. பள்ளிகொண்டா டோல் தாண்டி ஒரு லாரியை முந்தும்போது இதே சோழிச் சத்தம், நான் கவனிக்காமல் முந்தி முடித்தேன். மூன்றாவது பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்துவிட்டது. இருபது ரூபாய் ஹோஸ், அதற்கு ஒரு கிளாம்ப். அன்றைக்கு என்னிடம் பூஸ்ட் கேஜ் இருந்தது, அது சரியாக 6 காட்டிக்கொண்டேதான் இருந்தது. பெட்ரோல் பிரஷரும் பார்க்கவில்லை, வைட்பேண்டும் இல்லை. ஆம்பூர் வாசகருக்கு மேலே அப்படி அடித்துச் சொன்னது இதனால்தான்.

ஏலகிரி ஏறும்போது அடிவாரத்தில் 6 பிஎஸ்ஐ காட்டுகிறது, மேலே போனால் ஐந்தரைதான். இறங்கி வந்தால் மறுபடி 6. எங்கே லீக்?
(வாசகர், திருப்பத்தூர்)

எங்கேயும் லீக் இல்லை, உங்கள் கார் நன்றாக இருக்கிறது. பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜர் கிடைக்கிற காற்றை இத்தனை மடங்கு என்று பெருக்கித் தருகிறது, இத்தனை பிஎஸ்ஐ என்று எண்ணித் தருவதில்லை. அடிவாரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 97 கிலோபாஸ்கல், 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி 1,100 மீட்டருக்குப் போனால் சுமார் 89. அடிவாரத்தில் 6 பிஎஸ்ஐ என்றால் 41 கிலோபாஸ்கல், பெருக்கம் 1.42 மடங்கு. மேலே அதே 1.42 மடங்கு 89-க்கு வைத்துப் பாருங்கள், 37 பக்கம்தான் வரும், அது ஐந்தரை பிஎஸ்ஐ. உங்கள் மீட்டர் கூட நன்றாக வேலை செய்கிறது! ஜவ்வாது மலைக்குப் போனாலும் இதையே பார்ப்பீர்கள்.

கவனிக்க வேண்டியது ஏறுகிற வழியில் இருக்கிறது. கொண்டை ஊசிகளில் முதல், இரண்டாவது கியரில், குறைந்த வேகத்தில், அதிகச் சுமையில் ஓட்டுகிறீர்கள், காற்றோட்டம் இல்லை. ஏறும்போது உள்ளே போகும் காற்றின் வெப்பத்தையும் கூலன்ட் வெப்பத்தையும் கூட வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐடிலில் சூப்பர்சார்ஜரிலிருந்து கோலிக்குண்டு உருளும் சத்தம். ஆக்சிலேட்டர் தொட்டால் நின்றுவிடுகிறது. பேரிங்கா?
(வாசகர், குடியாத்தம்)

பேரிங் என்றால் ஆர்பிஎம்மோடு சேர்ந்து சத்தமும் ஏறும், கரகரவென்று தொடர்ந்து கேட்கும். தொட்டதும் நிற்கிறது என்றால் பெரும்பாலும் புல்லிக்கும் ரோட்டர் கியருக்கும் நடுவில் இருக்கும் கப்ளர் தேய்ந்திருக்கிறது. ஐடிலில் இன்ஜின் ஒவ்வொரு வெடிப்புக்கும் லேசாக உதறுவதால் அந்த இடைவெளியில் தட்டிக்கொண்டிருக்கிறது. அவசரம் இல்லை, மாற்றிவிடுங்கள்.

உறுதி செய்ய, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை சூப்பர்சார்ஜரின் மூக்குப் பகுதியில் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேளுங்கள், பிறகு டென்ஷனர் போல்ட்டில், ஆல்டர்னேட்டரில். சட்டைக் கையும் துண்டும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஐடிலில் வைத்தும் பார்க்கலாம், ஆனால் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் இருந்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட விடாதீர்கள். பெல்ட் கழன்றிருக்கும்போதே புல்லியைக் கையால் சுற்றுங்கள், இறுக்கமும் உரசலும் இல்லாமல் வழவழப்பாகச் சுற்ற வேண்டும். உலோகம் உலோகத்தில் உரசுகிற சத்தம் வந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள், ரோட்டர் தொட ஆரம்பித்துவிட்டது, அந்தத் தூள் நேராக சிலிண்டருக்குத்தான் போகும்.

சூப்பர்சார்ஜரின் கியர் பெட்டிக்குத் தனி ஆயில் உண்டு, பலருக்கு இது தெரிவதே இல்லை. மிகக் கொஞ்சம்தான் பிடிக்கும். வண்டி ஆறிய பிறகு, சமதளத்தில் பாருங்கள். கறுத்திருந்தால் மாற்றுங்கள், ஜிகினா போல மின்னினால் பிரித்தாக வேண்டும். இன்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள், அதற்கென்று சொன்னதை மட்டும் ஊற்றுங்கள், அளவுக்கு மேலும் வேண்டாம், சீல் தள்ளிவிடும்.

வேகமாக ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் ஆயில் டிப்ஸ்டிக் தானாக மேலே எழும்பி நிற்கிறது. த்ராட்டில் வாயில் எல்லாம் ஆயில். ரிங் போய்விட்டதா?
(வாசகர், ராணிப்பேட்டை)

போயிருக்கலாம், ஆனால் முதலில் கிராங்க் கேஸுக்கும் மானிஃபோல்டுக்கும் நடுவே இருக்கும் பிசிவி வால்வைப் பாருங்கள். சாதாரண இன்ஜினில் மானிஃபோல்டில் எப்போதும் வேக்கம், அதனால் கிராங்க் கேஸ் ஆவியை அது உறிஞ்சிக்கொள்ளும். பூஸ்ட் வந்ததும் அதே குழாயில் அழுத்தம் பின்னால் போகிறது. வால்வ் மூடாவிட்டால் சூப்பர்சார்ஜர் உங்கள் ஆயில் சம்ப்புக்கே காற்றடிக்கிறது, டிப்ஸ்டிக் எழும்பாமல் என்ன செய்யும்? வால்வைக் கழற்றி மானிஃபோல்டு பக்கத்திலிருந்து வாயால் ஊதுங்கள், காற்று போகக் கூடாது. போனால் நல்ல ஒருவழி வால்வ் ஒன்று போட்டு, ஆவிக் குழாயில் ஆயில் பிடிக்கும் டப்பாவும் வையுங்கள். இன்டேக்கில் போகும் ஆயில் பெட்ரோலின் ஆக்டேனைக் கெடுக்கும், மேலே வேலூர் வாசகி கேட்ட சத்தம் உங்களுக்கும் வரும்.

அதன் பிறகும் எழும்பினால் கம்ப்ரெஷன் டெஸ்ட், முடிந்தால் லீக் டவுன் டெஸ்ட். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனியாகக் கீழே இருந்தால் அங்கேதான் ரிங்கோ பிஸ்டனோ.

காரின் கம்ப்யூட்டரிலிருந்து எண்களைப் படிக்கும் ஓபிடி டாங்கிள் வாங்கி போனில் பார்க்கிறேன். எதைப் பார்க்க வேண்டும், எப்படிக் குறித்துவைக்க வேண்டும்?
(வாசகர், ஆற்காடு)

கார் நன்றாக இருக்கும்போதே குறித்துவைக்க ஆரம்பியுங்கள், அதுதான் முக்கியம். கெட்ட பிறகு எடுத்த எண்ணை எதோடு ஒப்பிடுவீர்கள்? சூடான இன்ஜின், ஏசி அணைத்து, ஐடிலில் மானிஃபோல்டு அழுத்தம் எத்தனை கிலோபாஸ்கல் (பல கார்களில் 30 முதல் 40 வரை), 60 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது ஃப்யூயல் ட்ரிம் (ஈசியு தானாகப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) எத்தனை, உள்ளே போகும் காற்று வெளியைவிட எத்தனை டிகிரி அதிகம். ஒரு நோட்டில் தேதி, வெயில், எந்தப் பெட்ரோல் என்று சேர்த்து எழுதுங்கள். நீண்ட கால ஃப்யூயல் ட்ரிம் 5 சதவீதத்துக்குள் இருந்தது ஒரு மாதத்தில் 10-ஐத் தாண்டினால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது, அல்லது பெட்ரோல் பம்ப்போ ஃபில்டரோ சோர்கிறது. பூஸ்ட்டில் மிதிக்கும்போது ட்ரிம் எண்ணைப் பார்க்காதீர்கள், அப்போது ஈசியு ஆக்சிஜன் சென்சாரைக் கேட்காமல் மேப்பில் இருப்பதை மட்டும் ஊற்றும்.

டாங்கிள் நொடிக்குச் சில தடவைதான் படிக்கும், ஒரே நேரத்தில் பத்து எண் கேட்டால் இன்னும் மெதுவாகிவிடும். நான்கோடு நிறுத்துங்கள்: ஆர்பிஎம், மானிஃபோல்டு அழுத்தம், உள்ளே போகும் காற்றின் வெப்பம், இக்னிஷன் டைமிங். டைமிங் நடுவில் திடீரென்று சில டிகிரி பின்வாங்கினால் நாக் சென்சார் எதையோ கேட்டிருக்கிறது, உங்கள் காதுக்குக் கேட்காவிட்டாலும். அழுத்தம் 105 கிலோபாஸ்கலுக்கு மேல் ஏறவே மாட்டேன் என்று நின்றால் காரோடு வந்த 1 பார் சென்சார் இன்னும் அப்படியே இருக்கிறது, அதற்கு பூஸ்ட் என்று ஒன்று இருப்பதே தெரியாது. 2 பார் அல்லது 3 பார் சென்சார் போட்டு மேப்பையும் மாற்ற வேண்டும்.

முழுசாக மிதித்துப் பார்க்கும் சோதனையை வாலாஜா பைபாஸில் செய்யாதீர்கள் தம்பி. காரை உருளை மேல் ஓட்டிச் சக்தியை அளக்கும் டைனோவில் செய்யுங்கள், அல்லது அதே நெடுஞ்சாலையில் சென்னைப் பக்கம் போனால் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதை இருக்கிறது, வெளியாருக்குத் திறக்கும் நாளில் போங்கள். ஓட்டுகிறவர் போனைப் பார்க்கவே கூடாது, பதிவாகட்டும், நின்ற பிறகு படிக்கலாம்.

ஆர்சியில் பிரச்சினை வருமா? இன்சூரன்ஸ்?
(வாசகர், வாணியம்பாடி)

வரும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இன்ஜினை அனுமதி இல்லாமல் மாற்றுவதைத் தடுக்கிறது, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பிரிவு 182ஏ-யில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் கூட இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் போட்டிருந்தால் விபத்தில் கிளெய்ம் மறுக்க அதுவே காரணமாகும். அதனால் சாலையில் ஓட்டுவதற்கென்று புதிதாகப் போட என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். பந்தயப் பாதைக்கென்று தனி வண்டி வைத்து, ஏற்றிக்கொண்டு போய் ஓட்டுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டவர்களின் இன்ஜினும் உயிரும் பத்திரமாக இருக்க வேண்டுமே என்றுதான் மற்ற பதில்கள் எல்லாம்.

முழு பூஸ்ட்டில் மட்டும் இன்ஜின் விக்குகிறது. மெதுவாக ஓட்டினால் வெண்ணெய் மாதிரி இருக்கிறது. பெட்ரோல் பம்ப் மாற்றியும் பயனில்லை.
(வாசகர், வாலாஜா)

பம்ப்புக்கு முன்பு பிளக்கைப் பார்த்திருக்கலாம். அடர்த்தியான காற்றில் தீப்பொறி தாண்டுவது கஷ்டம், பிளக் இடைவெளி கம்பெனி கணக்கில் 1 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பூஸ்ட் அதை ஊதி அணைத்துவிடும். ஃபீலர் கேஜ் வைத்து 0.7-க்குக் கொண்டுவாருங்கள், ஒரு படி குளிர்ந்த வகை பிளக்காகவும் போடுங்கள். அப்போதும் விக்கினால் 0.6. அதிலும் விக்கினால் இக்னிஷன் காயில்களை ஒவ்வொன்றாக இடம் மாற்றிப் பாருங்கள், விக்கல் எந்தக் காயிலோடு கூடவே போகிறதோ அந்தக் காயிலை மட்டும் வாங்கினால் போதும்.